சக டாக்டரின் ரிப்போர்ட்டில் விடுபட்டதை எப்படிச் சொல்வது?

கேள்வி: கொங்குப் பகுதியில் 250 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ரேடியாலஜி துறைத் தலைவராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஆறு ரேடியாலஜிஸ்ட்டுகள். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு டெலிரேடியாலஜி நிறுவனம் (இணையம் வழியாகப் படங்களை வெளியிலிருந்தே பார்ப்பவர்கள்) ரிப்போர்ட் தருகிறது. மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஹெச் அங்கீகாரத்துக்காக மாதந்தோறும் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுகளில் 5 சதவீதத்தை ஒருவருடையதை இன்னொருவர் மறுபடி பார்த்து 1 (ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறேன்) முதல் 3 (பிடித்திருக்க வேண்டியது விடுபட்டது) வரை மதிப்பெண் போடுகிறோம். ஏறக்குறைய எல்லாமே 1தான். சமீபத்தில் எங்கள் இளைய டாக்டர் ஒருவர், மிகவும் மூத்த ஒருவரின் ரிப்போர்ட்டுக்கு 3பி, அதாவது நோயாளியைப் பாதிக்கக்கூடிய விடுபடல் என்று, போட்டுவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இதற்கிடையில் நிர்வாகம் இந்த மதிப்பெண்ணை ஊதிய உயர்வோடு சேர்க்கலாமா என்று கேட்கிறது. தரமும் கூட வேண்டும், துறையும் உடையக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

நிர்வாகத்துக்கு முதலில் பதில் எழுதிவிடுங்கள். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும். மதிப்பெண்ணை ஊதியத்தோடு சேர்த்த மாதத்திலிருந்து 'ஏறக்குறைய எல்லாமே 1' என்பது 'எல்லாமே 1' ஆகிவிடும். கூட வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் கை வைக்கப் பலருக்கு மனம் வராது. மனம் வருகிறவருக்கு வேறு கணக்கு இருக்கும். இரண்டாலும் தரம் கூடாது.

எண்ணில் சொன்னால்தான் நிர்வாகத்துக்குப் புரியும் என்றால் எண்ணிலேயே சொல்லலாம். ஒருவர் ஆண்டுக்கு 6,000 பரிசோதனைகள் பார்க்கிறார் என்று வையுங்கள். அதில் 5 சதவீதம் 300. நோயாளியைப் பாதிக்கக்கூடிய விடுபடல் 200க்கு ஒன்று இருக்கிறது என்று வைத்தால், அந்த 300இல் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றரை. சராசரி ஒன்றரை என்றால், திறமை துளியும் மாறாமலே, ஐந்து ஆண்டில் ஓர் ஆண்டு பூஜ்யம் வரும். இன்னோர் ஆண்டு மூன்றோ அதற்கு மேலோ வரும். ஆறு பேரும் ஒரே திறமை உள்ளவர்களாக இருந்தாலும், வருடக் கடைசியில் ஒருவருக்குப் பூஜ்யமும் இன்னொருவருக்கு மூன்றும் இருப்பது சாதாரணம். பூஜ்யம் வந்தவருக்குக் கூட்டிக் கொடுத்து, மூன்று வந்தவருக்குக் குறைத்தால், மருத்துவமனை சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சம்பளம் கொடுக்கிறது என்று அர்த்தம். இந்தப் பத்தியை அப்படியே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜியின் ராட்பியர் முறையிலிருந்து வந்தது. 2002இல் தொடங்கியபோது 1 முதல் 4 வரை இருந்தது; 2016இல் மூன்றாகச் சுருக்கினார்கள். 2 என்றால் யாருக்கும் தவறக்கூடியது. 3 என்றால் பெரும்பாலும் பிடித்திருக்க வேண்டியது. பக்கத்தில் ஏ போட்டால் நோயாளிக்குப் பாதிப்பு வர வாய்ப்பில்லை, பி போட்டால் வரக்கூடும். கேட்கும்போது தெளிவாக இருக்கிறது. போட உட்கார்ந்தால் 2க்கும் 3க்கும் இடையிலான கோடு எங்கே என்று இருவர் ஒத்துப்போக மாட்டார்கள். முடிவு தெரிந்த பிறகு பழைய படத்தைப் பார்க்கிறவருக்கு அந்தப் புள்ளி சுட்டி வைத்த மாதிரி தெரியும். 3 போடக் கை போகும். முடிவு தெரியாமல், நள்ளிரவில், 'வயிற்று வலி' என்ற ஒற்றை வரிக் குறிப்போடு பார்த்தவருக்கு அது அப்படித் தெரிந்திருக்காது.

இந்தக் குறைகளெல்லாம் அங்கேயே பேசப்பட்டவைதான். நோயறிதல் பிழைகளைப் பற்றி அமெரிக்க இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கை, தண்டனை பயம் இல்லாமல் பிழைகளைப் பேசும் சூழலைக் கேட்டது. அந்த அழைப்பை ஏற்று 2017இல் டேவிட் லார்சன் என்ற ரேடியாலஜிஸ்ட்டும் சில துறைத் தலைவர்களும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, சக டாக்டர்களிடமிருந்து கற்கும் முறை ஒன்றை முன்வைத்தார்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் இத்தகைய கூட்டங்களுக்கு முன்பிருந்தே வழிகாட்டி வைத்திருக்கிறது. ராட்பியரை உருவாக்கிய அமெரிக்கக் கல்லூரியே இப்போது, முறையாக நடத்தினால், மதிப்பெண்ணுக்குப் பதில் 'பியர் லேர்னிங்' எனும் இந்தக் கற்றல் முறையை அங்கீகாரத்துக்கு ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நீங்கள் மதிப்பெண்ணை நிறுத்தினால் தரத்தைக் கைவிட்டதாக ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். 5 சதவீதத்தைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் பெரும்பகுதி இயல்பான ஸ்கேன்கள். அதில் கற்க ஒன்றும் இராது. கற்க வேண்டிய கேஸ்கள் அன்றாட வேலையிலேயே கையில் வந்து விழுகின்றன, நாம்தான் அவற்றை விட்டுவிடுகிறோம். ஃபாலோ அப் ஸ்கேன் பார்க்கும்போது பழைய படத்தைத் திறக்கிறோமே, அதுதான் முதல் ஊற்று. இரவில் டெலிரேடியாலஜி கொடுத்த முதல்கட்ட ரிப்போர்ட்டைக் காலையில் இறுதி செய்யும்போது சில வரும். புற்றுநோய் கேஸ்களைப் பல துறை டாக்டர்கள் சேர்ந்து பேசும் ட்யூமர் போர்டில் சில. 'சார், நீங்கள் அப்பெண்டிக்ஸ் நார்மல் என்று கொடுத்தீர்கள், உள்ளே போனால் பெர்ஃபரேட் ஆகி ஓட்டை விழுந்திருந்தது' என்று சர்ஜன் கூப்பிடுவது இன்னொரு ஊற்று. அந்தப் போன் வரட்டும் என்று காத்திருக்காமல், வாரம் ஒருமுறை ஆபரேஷன் தியேட்டர் பட்டியலையும் பயாப்சி முடிவுகளையும் வாங்கி ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். அப்பெண்டிக்ஸ், பித்தப்பை, ஓவரி, மார்பகம் இந்த நான்கும் போதும், மாதத்துக்குத் தேவையான கேஸில் பாதி தேறிவிடும்.

அல்ட்ராசவுண்டுக்கு இந்த வழி ஒன்றுதான் நியாயமானது. நம் ஊரில் ரேடியாலஜிஸ்ட்டே புரோப் பிடிக்கிறார். சேமிக்கப்படுவது எட்டுப் பத்துப் படம். அந்தப் பத்துப் படத்தை வைத்து இன்னொருவர் 'விட்டுவிட்டார்' என்று சொல்ல முடியாது. சர்ஜரியோடும், பின்னால் எடுத்த சிடியோடும், அடுத்த மாத ஸ்கேனோடும் ஒப்பிடலாம். கூடவே ஒவ்வொரு உறுப்புக்கும் குறைந்தபட்சம் எந்தப் படங்களைச் சேமிக்க வேண்டும் என்று துறையில் ஒரு பட்டியல் ஒட்டிவிட்டால் ஒப்பிட ஏதாவது கிடைக்கும்.

கேஸ் அனுப்பும் படிவம் ஒரு நிமிடத்துக்குமேல் பிடித்தால் யாரும் அனுப்ப மாட்டார்கள். பரிசோதனை எண், என்ன பார்த்தீர்கள், சீரிஸ் எண்ணும் இமேஜ் எண்ணும், எப்படித் தெரியவந்தது. இந்த நான்கு போதும். மதிப்பெண் கட்டம் கிடையாது. 'யார் தவறு' என்ற கட்டமும் கிடையாது. படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பான பேக்ஸில் அதற்கென ஒரு ஃபோல்டரோ டேகோ வைக்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடவுச்சொல் உள்ள ஒரு எக்ஸெல் ஃபைல், ஒருங்கிணைப்பாளர் கையில் மட்டும். டெக்னீஷியன்களும் அனுப்பலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கான்ட்ராஸ்ட் (படம் தெளியச் செலுத்தும் மருந்து) நேரம் தவறியதும், நோயாளி அசைந்ததும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுவதை மட்டும் அன்றே நிறுத்துங்கள். திரையின் ஓரத்தில் நோயாளி பெயரோடு போகும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஒருங்கிணைப்பாளராக நீங்கள் இருக்க வேண்டாம். ஊதியமும் விடுப்பும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது உங்களிடமே கேஸ் வந்தால், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது புகார்ப் பெட்டி ஆகிவிடும். நடுத்தர அனுபவமுள்ள, எல்லோரோடும் பேச்சுவார்த்தை உள்ள ஒருவர் போதும். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருடைய வொர்க்லிஸ்ட்டைக் குறைத்துக் கொடுங்கள். அதைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்த இடங்களில் திட்டம் படுத்துவிடுவது வழக்கம்.

ஒரு கேஸ் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். 58 வயதுக்காரர், இடது பக்க விலாவுக்குக் கீழே வலி, கான்ட்ராஸ்ட் இல்லாத கேயூபி சிடி (சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை). இடது யூரிட்டரின் (சிறுநீர்க்குழாயின்) கீழ்முனையில் 5 மிமீ கல், லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீரக வீக்கம்) என்று ரிப்போர்ட். அது சரியே. ஏழு மாதம் கழித்து, விடாத இருமலுக்காக நெஞ்சு சிடி. வலது நுரையீரலின் கீழ் மடலில் 12 மிமீ நாட்யூல் (சிறு கட்டி). பார்க்கிற டாக்டர் பழைய கேயூபியைத் திறக்கிறார். வயிற்று விண்டோவில் ஒன்றுமில்லை. நுரையீரல் தெளிவாகத் தெரியும் லங் விண்டோவுக்குத் திரையை மாற்றினால் ஆறாவது இமேஜில் அதே இடத்தில் 9 மிமீ.

இங்கே முதல் வேலை நோயாளியுடையது. கற்றல் அதற்குப் பிறகு. இன்றைய ரிப்போர்ட்டில் 'முந்தைய கேயூபி சிடியில் 9 மிமீ, இப்போது 12 மிமீ, வளர்ந்திருக்கிறது' என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். 'முன்பு கவனிக்கப்படவில்லை' என்றெல்லாம் தீர்ப்பு எழுத அது இடம் இல்லை. அதே சமயம் பழைய படத்தில் இருந்ததைச் சொல்லாமல் மறைக்கவும் கூடாது, வளர்ச்சி வேகம் சிகிச்சையையே மாற்றும். சிகிச்சை பார்க்கும் டாக்டரைப் போனில் கூப்பிட்டு, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று ரிப்போர்ட்டிலேயே குறிக்க வேண்டும். புது ஸ்கேன் ஏதும் இல்லாமல், ரிப்போர்ட் போன மறுநாளே விடுபடல் தெரியவந்தால், முதலில் ரிப்போர்ட் கொடுத்தவரே தேதி, நேரத்தோடு அடென்டம் (பின்சேர்க்கைக் குறிப்பு) போட்டுப் போன் செய்ய வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் கண்டவர் செய்ய வேண்டும். மூல ரிப்போர்ட்டைத் திறந்து திருத்துவதோ அழிப்பதோ கூடவே கூடாது.

அடுத்தது, விடுபட்டவருக்குச் சொல்வது. 'கேயூபியில் இவ்வளவு பெரிய நாட்யூலை எப்படி விட்டீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது, பகை வரும். இப்படி எழுதலாம்: 'சார், மார்ச் மாதக் கேயூபி ஒன்று. கல் விஷயம் சரியாக இருக்கிறது. இன்றைய நெஞ்சு சிடியோடு வைத்துப் பார்த்ததில் வலது லங் பேஸில், சீரிஸ் 3, இமேஜ் 6இல் ஒரு நாட்யூல் தெரிகிறது. லங் விண்டோவில் ஒருமுறை பாருங்கள். ஒப்பீடு இன்றைய ரிப்போர்ட்டில் போய்விட்டது, டாக்டரிடமும் பேசியாகிவிட்டது. கூட்டத்தில் காட்டினால் பெயர் வராது.' இதில் மூன்று விஷயம் இருக்கிறது: எங்கே பார்க்க வேண்டும் என்ற துல்லியம், நோயாளிக்கான வேலை முடிந்துவிட்டது என்ற தகவல், மேற்கொண்டு என்ன நடக்கும் என்ற உறுதி. மன்னிப்புக் கேட்க வைக்கும் சொல் ஒன்றும் இல்லை. இந்தச் செய்தி ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தனியாக, ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். கூட்டத்தில்தான் முதன்முதலாகத் தன் கேஸைப் பார்க்க நேர்ந்தால் அந்த ஆள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

எல்லாக் கேஸும் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. சிலவற்றை அவரிடம் மட்டும் சொன்னால் போதும். தேர்வு செய்யும் கேள்வி ஒன்றே: இதை மற்ற ஐந்து பேரும் பார்த்தால் நாளைய ரிப்போர்ட்டிங் மாறுமா? கேயூபி நாட்யூல் மாற்றும். எங்கேயோ ஒருமுறை வரும் அபூர்வ எலும்புக் கட்டி மாற்றாது; அதற்குக் கான்ஃபரன்ஸ்கள் இருக்கின்றன.

மாதம் ஒரு கூட்டம், 45 நிமிடம், ஆறு முதல் எட்டுக் கேஸ். வேலை நேரத்துக்குள் வையுங்கள். அந்த நேரத்துக்கு எமர்ஜென்சியை டெலிரேடியாலஜி பார்க்கட்டும். நிர்வாகத்தார், மார்க்கெட்டிங், பிற துறை டாக்டர்கள் யாரும் வேண்டாம். நோயாளி பெயர், யூஹெச்ஐடி (மருத்துவமனை அடையாள எண்), தேதி, ரிப்போர்ட் கொடுத்தவர் பெயர் எல்லாம் நீக்கிய படங்களை ஒருங்கிணைப்பாளர் காட்டுவார். ஆறே பேர் உள்ள துறையில் யாருடைய ரிப்போர்ட் என்பது எழுத்து நடையிலேயே தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அதனால் மூல ரிப்போர்ட்டின் வாசகத்தைத் திரையில் காட்டாமல் சுருக்கிச் சொல்லுங்கள். 'இது யாருடையது' என்று யாரும் கேட்பதில்லை, 'என்னுடையதுதான்' என்று யாரும் சொல்லவும் தேவையில்லை என்பதை விதியாக வையுங்கள். தெரிந்தும் கேட்காமல் இருப்பது பழக்கத்தில் வந்துவிடும்.

காட்டும் முறையில்தான் கூட்டத்தின் உயிர் இருக்கிறது. அம்புக்குறி போட்ட ஒற்றைப் படத்தைக் காட்டினால் எல்லோரும் 'அதான் தெளிவாகத் தெரிகிறதே' என்பார்கள். அம்பு இல்லாமல், அன்றைய குறிப்பை மட்டும் சொல்லி, முழு சீரிஸையும் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். அறையில் இருக்கும் ஆறில் மூன்று பேர் அதே நாட்யூலை விடுவார்கள். அதன் பிறகு நடக்கும் பேச்சே வேறு. 2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனையில் நெஞ்சு சிடியில் கொரில்லா படம் ஒன்றை ஒட்டி 24 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் நாட்யூல் தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைக் காணவில்லை, அதிலும் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை அதன் மேலேயே பட்டிருந்தது. முதல் கூட்டத்தில் இதைச் சொல்லித் தொடங்கலாம், சூடு தணியும்.

எட்டில் இரண்டு மூன்று கேஸ் நல்ல பிடிப்புகளாக இருக்கட்டும். அப்டாமன் சிடியின் கடைசி இமேஜில் தொடை எலும்பில் இருந்த மெட்டாஸ்டாசிஸை (பரவிய புற்றுநோயை) பிடித்தவர் எப்படிப் பார்த்தார், எந்த வரிசையில் பார்த்தார் என்று கேட்டால் அதுவும் பாடம். வெறும் விடுபடல்களாகவே காட்டிக்கொண்டிருந்தால் நான்காவது மாதம் முகங்கள் இறுகிவிடும்.

ஒவ்வொரு கேஸுக்கும் கடைசியில் ஒரு கேள்வி: இது எந்த வகை? கிம், மான்ஸ்ஃபீல்டு என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 1,269 பிழைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 42 சதவீதம் கண்ணில் படாமலே போனவை. 22 சதவீதம், ஒன்றைக் கண்டதும் தேடல் அங்கேயே நின்றுபோனதால் அடுத்தது விடுபட்டவை. தவறாகப் பொருள் கொண்டவை 9 சதவீதம்தான். அதாவது பாடப்புத்தக அறிவு போதாமல் வருவது குறைவு. உங்கள் துறைக்கு அவ்வளவு நுணுக்கமான பட்டியல் வேண்டாம். கண்ணில் படாமல் போனது, கண்டும் பொருள் தவறியது, எழுதியதில் அல்லது தெரிவித்ததில் பிசகு, எடுத்த முறையில் குறை என்று நான்கு போதும். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

நம் கேயூபி கேஸ் கல்லைக் கண்டதும் தேடல் நின்ற வகை. 'இனிமேல் கவனமாகப் பாருங்கள்' என்று எழுதி முடித்தால் அடுத்த ஆண்டும் இதே நாட்யூல் விடுபடும். கவனக்குறைவால் யாரும் அதை விடவில்லை. என்ன மாற்றலாம்? கேயூபி புரோட்டோகாலில் மேல்பகுதி ஸ்லைஸ்களுக்கு லங் ரீகன்ஸ்ட்ரக்ஷன் (நுரையீரலுக்கேற்ற மறு உருவாக்கப் படம்) ஒன்று தானாகப் பேக்ஸுக்குப் போகும்படி டெக்னீஷியனை வைத்து மாற்றலாம். ரிப்போர்ட் டெம்ப்ளேட்டில் 'லங் பேஸ்' (நுரையீரலின் அடிப்பகுதி) என்று ஒரு வரியைச் சேர்த்து அதைக் காலியாக விடலாம். காலியாக என்பது முக்கியம். 'லங் பேஸ் இயல்பு' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்தால் அது பொய் ரிப்போர்ட்டை உற்பத்தி செய்யும். பித்தப்பையை எடுத்துவிட்ட நோயாளிக்கு 'பித்தப்பை இயல்பான அளவில் உள்ளது' என்று போகும் ரிப்போர்ட்டுகள் எல்லா ஊரிலும் இப்படித்தான் பிறக்கின்றன. டெம்ப்ளேட்டுகளைத் திறந்து முன்நிரப்பிய 'இயல்பு'களை எண்ணிப் பாருங்கள், பாதியை நீக்கத் தோன்றும்.

இன்னொன்று, வயிற்று சிடியில் முதுகெலும்பு நசுங்கியிருப்பது விடுபடுவது. குறுக்குவாட்டில் வெட்டிய ஆக்ஸியல் படத்தில் உயரம் குறைந்தது தெரியாது. பக்கவாட்டில் பார்க்கும் சஜிட்டல் படத்தில் ஒரு பார்வையில் தெரியும். கூட்டத்தில் இது இரண்டு முறை வந்தால் ஆளைத் தேடாமல் ஸ்கேனரைத் தேடுங்கள். எல்லா வயிற்று சிடிக்கும் சஜிட்டல் ரீஃபார்மட் தானாகப் போக வைப்பது அரைமணி வேலை. இடது வலது மாறிய ரிப்போர்ட்டுகள் வந்தால் டைப்பிஸ்ட்டைக் கடிந்து பயனில்லை; கையெழுத்திடும் முன் இடதா வலதா என்பதை மட்டும் மறுபடி படிக்கும் வழக்கமும், முடிவுரையில் அதை மீண்டும் எழுதும் வழக்கமும் உதவும். நடுவில் போன் வந்து கவனம் கலைந்த கேஸ்கள் அதிகமானால், வரும் அழைப்புகளை எடுக்க ஒரு உதவியாளரை வைக்க அதுவே ஆதாரம். நிர்வாகத்திடம் கேட்க இதைவிட வலுவான காகிதம் கிடைக்காது.

இப்போது அந்த 3பி. அந்த மதிப்பெண்ணைத் துறை அளவில் திரும்பப் பெறுங்கள்; இளையவரை விட்டுத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள், அது அவரைத் தனியாக நிறுத்துவதாகும். நோயாளி தரப்பில் செய்ய வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பிறகு அந்தக் கேஸை உடனே கூட்டத்தில் வைக்காமல் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். மூத்தவரிடம் நீங்கள் தனியாகப் போய், முறை பிழையானது, அவர் மேல் குறை இல்லை என்று சொல்லுங்கள். இளையவரிடம், படத்தில் கண்டது சரி, சொல்ல நாம் கொடுத்த வழிதான் சரியில்லை என்று சொல்லுங்கள். இந்த வரிசையில், ஒரே நாளில். முதல் கூட்டத்தின் முதல் மூன்று கேஸும் உங்களுடையதாக இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்ற விதியை உங்களுக்கு மட்டும் தளர்த்தி, 'இவை என்னுடையவை' என்று சொல்லிவிடுங்கள். தலைவர் அனுப்பாத துறையில் இளையவர் அனுப்ப மாட்டார். மூத்தவரை அடுத்த மாதம் நல்ல பிடிப்புகளைத் தொகுத்து வழங்கச் சொல்லலாம். அவரிடம் நிறைய இருக்கும்.

என்ஏபிஹெச்சுக்கு என்ன காட்டுவது? ஆயிரம் பரிசோதனைக்கு எத்தனை ரிப்போர்ட்டிங் பிழை என்ற குறியீட்டை விட்டுவிட முடியாது. அடென்டம் போட்ட, திருத்தி அனுப்பிய ரிப்போர்ட்டுகளிலிருந்து அதைத் துறை முழுவதற்கும் சேர்த்து எண்ணிக் கொடுங்கள், ஆள்வாரியாக வேண்டாம். அதோடு எழுத்தில் ஒரு கொள்கை, மாதக் கூட்டத்தின் வருகைப் பதிவு, ஒவ்வொருவரும் அனுப்பிய கேஸ் எண்ணிக்கை, கேஸ்களால் மாற்றிய புரோட்டோகால்களும் டெம்ப்ளேட்டுகளும், மாற்றிய தேதியோடு. ஆளுக்கு மாதம் இரண்டு கேஸ் என்று இலக்கு வைத்தால் மாதம் பன்னிரண்டு சேரும். எட்டைத் தேர்வு செய்ய அது போதும். ஒன்றை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முதல் ஆறு மாதத்தில் அனுப்பும் கேஸ் எண்ணிக்கை ஏறும். பிழை கூடிவிட்டது என்று அதைப் படித்தால் ஏழாம் மாதம் ஒன்றும் வராது. மதிப்பெண் மறுவாசிப்பை ஒரேயடியாக நிறுத்தத் தயக்கமாக இருந்தால், அடுத்த மதிப்பீடு முடியும்வரை மிகச் சிறிய அளவில், துறை மொத்தக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. அமெரிக்க மாநிலங்களில் பியர் ரிவ்யூ ஆவணங்களை வழக்கிலிருந்து காக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. அந்த நிழல் நமக்கும் இருக்கிறது என்று நினைத்து எழுதாதீர்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து எந்தக் காகிதமும் ஆணையத்தின் மேசைக்குப் போகலாம். எனவே இரண்டு பதிவுகளைப் பிரித்து வையுங்கள். நோயாளியின் பதிவில் ரிப்போர்ட், அடென்டம், போன் குறிப்பு எல்லாம் முழுமையாக, நேர்மையாக இருக்கும். கற்றல் பதிவில் நோயாளி அடையாளமும் டாக்டர் பெயரும் இருக்காது, 'அலட்சியம்' போன்ற சொற்களும் இருக்காது. படம், வகை, பாடம், செய்த மாற்றம் மட்டும். எவ்வளவு காலம் வைப்பது என்பதை மருத்துவமனை வழக்கறிஞரோடு பேசிக் கொள்கையிலேயே எழுதிவிடுங்கள். வழக்கு வந்த பிறகு அதில் எதையும் அழிக்கக் கூடாது.

ஒருவரிடமிருந்து மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விடுபடல் வந்தால்? அதற்கு இந்தக் கூட்டம் இடமல்ல. ஒருங்கிணைப்பாளர் உங்களிடம் தனியாகச் சொல்வார் என்பதை முதலிலேயே கொள்கையில் எழுதி எல்லோருக்கும் தெரிவித்துவிடுங்கள். ரகசியமாக வைத்திருந்து பிறகு கையாண்டால் மொத்த நம்பிக்கையும் போகும். அப்போது செய்ய வேண்டியது, அந்த ஒரு வகைப் பரிசோதனையை மட்டும் எடுத்து வெளியிலிருந்து ஒருவரை வைத்துப் பார்ப்பது; கூடவே அவருடைய ஷிப்ட் நீளம், ஒரு மணிக்கு எத்தனை கேஸ் வருகிறது, கண் பரிசோதனை, மானிட்டர் தரம் ஆகியவற்றைப் பார்ப்பது. பல நேரம் காரணம் இவற்றில்தான் கிடைக்கும்.

மூன்றாவது மாதத்தில் திட்டம் தொய்வடையும். அனுப்பியவருக்கு 'உங்கள் கேஸால் இது மாறியது' என்று பதில் போகாததே பெரும்பாலும் காரணம். ஒரு வரி போதும், ஆனால் கட்டாயம் போக வேண்டும். இன்னொரு அபாயம், கூட்டம் இளையவர்களுக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) ஆகிவிடுவது. கேள்வி கேட்கும் வரிசையை மூத்தவரிடமிருந்து தொடங்கினால் அது நேராது.

டெலிரேடியாலஜியை மறந்துவிடாதீர்கள். இரவில் வரும் ஸ்ட்ரோக்கும் விபத்துத் தலைக்காயமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. காலையில் நீங்கள் மாற்றியது அவர்களுக்குத் திரும்பிப் போகாவிட்டால் அவர்கள் கற்கவும் வழியில்லை. அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மாற்றங்கள் ஒவ்வொன்றையும் பெயரில்லாமல் அவர்களின் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புவது, அவசர மாற்றமென்றால் உடனே பேச ஒரு தொலைபேசி எண், மாதக் கூட்டத்தில் அவர்கள் தரப்பில் ஒருவர் இணையம் வழியாகக் கலந்துகொள்வது. பழைய படங்கள் அவர்களுக்குத் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். முந்தைய சிடி கையில் இல்லாமல் ரிப்போர்ட் செய்கிறவரிடம் ஒப்பீடு எதிர்பார்க்க முடியாது.